சோதனைக்கு ஒரு தடவை

ஐம்பத்தெட்டு வயதில் புது வேலைக்குப் போகிற மனிதனுக்கு முதல் நாள் பயம் இருக்கத்தான் செய்யும். மைன்ராட் ஹெகிலினுக்கும் இருந்தது. முப்பத்தோரு வருஷம் சூரிச்சில் ஒரே வங்கியில், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிற நிரல்களை எழுதிக் காத்தவர். அந்த வங்கியை வேறொரு வங்கி விழுங்கியபோது அவரையும் துப்பிவிட்டார்கள். பிறகு பதினான்கு மாதம், வேலையில்லாதோர் அலுவலகத்தில் மாதா மாதம் போய் உட்கார்ந்து, இத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டேன் என்று தாள் நீட்டிய வாழ்க்கை. அதனால் நவம்பர் மாதத்து மூடுபனியில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான சூக்கின் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தபோது, இந்த வேலையையும் விட்டால் அப்புறம் ஓய்வூதியம் வரைக்கும் வெறும் ஜன்னல்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அவர் இந்த இடத்தைத் தேடி வந்தது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. இங்கேதான் ஆகத்தாவின் கடைசி விருப்பம் இருந்தது.

ஆகத்தா அவர் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் மருத்துவர் அவளுடைய மறதிக்கு ஒரு பெயர் சொன்னார். அன்று மாலையே சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் நானாக இல்லாமல் போன பிறகு எனக்கு மூச்சு முட்டினால் தொண்டையில் குழாய் போடாதீர்கள், மூக்கு வழியாகச் சோறு ஊட்டாதீர்கள், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள், அவ்வளவுதான். மைன்ராட் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எதற்கு எழுத வேண்டும், நான் இருக்கிறேனே, நான் சொல்ல மாட்டேனா என்றார்.

"உன்னால சொல்ல முடியாது மைன்ராட்," என்றாள் ஆகத்தா. "பால் பாக்கெட்ல தேதியை ரெண்டு தடவை பார்க்கிற ஆள் நீ. கோட்டு வாங்கப் போனா நாலு நாள் போட்டுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஆள். டாக்டர் வந்து கேட்டா, 'சும்மா போட்டுப் பார்ப்போமே'ன்னு சொல்லுவே. உனக்கு அந்தச் சுமை வேணாம். எனக்கும் அந்தக் குழாய் வேணாம்."

பிறகு பேனாவை எடுத்து, எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: சோதனைக்காக ஒரு நாள் கூட வேண்டாம்.

அடுத்த வருஷம் அந்தத் தாளை அவர்கள் சூக்கில் இருந்த இதே சிறிய நிறுவனத்தின் பதிவேட்டில் ஏற்றினார்கள். கடைசி விருப்பங்களுக்கான பதிவேடு. பிளாக்செயின் என்கிற, பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடும் பொதுச் சங்கிலியில் எழுதி வைப்பது. ஆஸ்பத்திரிகள் நேரே அதில் பார்த்துக்கொள்ளும். யாராலும் மாற்ற முடியாது என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு விருப்பத்துக்கு இரண்டு பிரதி இருப்பது ஆபத்து என்று சொல்லி, பழைய தாளை அவர்கள் கண் முன்னாலேயே கிழிக்கிற இயந்திரத்தில் விட்டார்கள். பதிலுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் ஆகத்தாவின் பெயர், பதிவு எண், அதற்குக் கீழே 'காப்பாளர் கணக்கு' என்று நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை. அவசரத்துக்குப் பதிவைத் திருத்தக்கூடிய ஒரே கணக்கு அது. யாராலும் மாற்ற முடியாது என்று சொன்னவர்களே ஒரு திறப்பையும் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம்.

மைன்ராட் அந்த வரிசையை நாலு நாலாகப் பிரித்து, திரையோடு ஒப்பிட்டு, இரண்டு தடவை சரிபார்த்து, அட்டையைப் பணப்பையில் வைத்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் ஆகத்தா ஒவ்வொன்றாக மறந்தாள். கடைசியில் அவரையே மறந்தாள். இப்போது முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்தால், தபால்காரர் வந்திருக்கிறார் என்று நர்ஸிடம் சொல்வாள். அவள் மறந்ததற்கெல்லாம் ஈடு செய்கிற மாதிரி மைன்ராட் ரயிலில் அந்த அட்டையை எடுத்து எடுத்துப் படிப்பார். நாற்பதும் மனப்பாடம்.

அலுவலகத்தில் மூன்றே பேர், அவரையும் சேர்த்து. முதலாளி சில்வானுக்கு முப்பத்து நாலு வயது. நிரல் எழுதுகிற யெலேனாவுக்கு அதைவிடக் குறைவு. இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். மைன்ராட் மட்டும் வங்கிப் பழக்கத்தில் 'நீங்க' போட்டு, அவள் முறைத்ததும் திருத்திக்கொண்டார். முதல் நாள் வேலை, வருகிற எல்லோருக்கும் கொடுக்கிற அதே வேலை: புது லேப்டாப்பில் கருவிப்பெட்டியை நிறுவுவது. கருவிப்பெட்டி என்றால், உண்மையான சங்கிலியைத் தொடாமலே அதே மாதிரி ஒரு விளையாட்டுச் சங்கிலியை நம் லேப்டாப்புக்குள் ஓட்டிப் பழகுகிற ஏற்பாடு. வழிகாட்டித் தாளை அவர் முன்னால் போட்டுவிட்டு, ஒன்பது மணி ரொட்டியும் பாலாடைக் கட்டியுமாக யெலேனா பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள்.

மைன்ராட் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போனார். ஆறாவது வரியில் விளையாட்டுச் சங்கிலியைக் கிளப்ப வேண்டும். கிளப்பினார். திரையில் இருபது கணக்குகள் கடகடவென்று இறங்கின, ஒவ்வொன்றுக்கும் கீழே, அந்தக் கணக்கின் பெயரில் உத்தரவு போட உதவும் ரகசியச் சாவி. பழக்கம் விடுமா? முதல் கணக்கை நாலு நாலாகப் படித்தார். மூன்றாவது நாலில் அவர் கை தானாகப் பணப்பைக்குப் போனது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று யெலேனாவைக் கேட்டார்.

"அதெல்லாம் விளையாட்டுக் கணக்கு," என்றாள் அவள் வாயில் ரொட்டியோடு. "யார் நிறுவினாலும் இதே இருபதுதான். டோக்கியோல நிறுவினாலும் இதே, உன் வீட்டு அடுப்படியில நிறுவினாலும் இதே. சாவியும் இதேதான். ஊருக்கே தெரிஞ்ச சாவி. நிஜச் சங்கிலில இதைத் தொட்டா செத்தோம்."

மைன்ராட் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, இது யாருடைய அட்டை என்று கேட்டாள்.

"என் மனைவியோடது," என்றார்.

எப்படி நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பதிவேட்டை நிஜச் சங்கிலியில் ஏற்றிய நாளில், யெலேனா தன் லேப்டாப்பில் இருந்த பழகு கோப்பை நகல் எடுத்து, எல்லா வரியையும் மாற்றினாள். ஒரு வரியைத் தவிர. காப்பாளர் இடத்தில் விளையாட்டுக் கணக்கே நின்றுவிட்டது. அதன் பிறகு அவள் பார்த்தாள், சில்வான் பார்த்தான், வெளியிலிருந்து காசு கொடுத்து அழைத்த பரிசோதகர்களும் பார்த்தார்கள். யார் கண்ணிலும் படவில்லை. தினமும் ஐம்பது தடவை அந்த எண்ணைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. வாசலில் நிற்பது தெரியாத முகமாக இருந்தால்தானே யாரென்று கேட்கத் தோன்றும்? இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. இந்தத் தொழிலுக்கு நேற்று வந்த கிழவனுக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

சில்வான் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைக் கேட்டான். முகம் வெளுத்தது. ஆனால் வெளுத்த முகம் கால் மணியில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது, அதுதான் மைன்ராட்டுக்குப் பிடிக்கவில்லை. டிசம்பர் முதல் தேதி மூன்று புது ஆஸ்பத்திரிகள் பதிவேட்டில் சேரக் கையெழுத்துப் போடுகின்றன. இந்த மாதிரி வேலையில் தேர்ந்த ஒருவர் பெர்லினில் இருக்கிறார். அவருக்கு மூன்றாம் தேதிதான் ஒழிகிறது. அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது, யாரும் கையும் வைக்கக்கூடாது.

"ரெண்டு வருஷமா யாரும் பார்க்கலை. மூணு வாரத்துல எவன் வந்து பார்க்கப் போறான்?" என்றான். பிறகு தோளில் கை போட்டு, ரொம்ப அன்பாக, "நீ இன்னும் தகுதிகாண் காலத்துல இருக்கே மைன்ராட். அதை நான் மறந்துட்டேன்னு நினைக்காதே" என்றான்.

"சரிங்க," என்றார் மைன்ராட். 'நீங்க' மறுபடி வந்துவிட்டது.

வெளியே அதிகாரிகளிடம் போய்ச் சொல்லலாமா என்று அவர் யோசிக்காமல் இல்லை. சொன்னால் அன்றைக்கே பதிவேட்டைச் செல்லாது என்று அறிவித்துவிடுவார்கள். மற்றவர்கள் மறுபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆகத்தாவால் முடியாது. சுய நினைவோடு இருப்பவரின் கையெழுத்துதான் சட்டத்தில் செல்லும். அவளுடைய விருப்பம் உலகத்தில் ஒரே இடத்தில், ஊருக்கே சாவி தெரிந்த ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டி கெடாமல் பூட்டை மட்டும் சத்தமில்லாமல் மாற்ற வேண்டும். வேறு வழி கிடையாது.

பூட்டை மாற்றுவது எப்படி என்று யெலேனாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவள் பால்கனியில் மூடுபனிக்குள் நின்று சிகரெட் பிடித்தபடி சொல்லிக் கொடுத்தாள். அந்தக் கணக்கிலிருந்து 'காப்பாளர் பொறுப்பை இன்னாருக்குக் கொடு' என்று ஒரு உத்தரவு போட வேண்டும். உத்தரவுக்குச் சில்லறைக் கட்டணம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் சில்லறை போட்டால் நிற்காது. சாவி தெரிந்தவர்களின் தானியங்கி நிரல்கள் ஈ மொய்க்கிற மாதிரி காத்திருக்கின்றன, கண் இமைப்பதற்குள் எடுத்துவிடும். அதனால் கட்டணமும் உத்தரவும் ஒரே உறையில், மூடி, பொது வழியில் போகாமல் தனி வழியில் போக வேண்டும். அவளே செய்யலாமே என்றார் மைன்ராட்.

அவள் சிகரெட்டை அணைத்தாள். "முதல் தப்பு என்னோடது. ரெண்டாவதையும் நானே பண்ணச் சொல்றியா? நீயே பண்ணு."

அந்த வாரம் முழுக்க அவர் லேப்டாப்பில் ஒத்திகை பார்த்தார். நிஜப் பதிவேட்டின் நகலை விளையாட்டுச் சங்கிலியில் நிறுத்தி, உறை தயாரித்து, அனுப்பி, பொறுப்பு கைமாறுகிறதா என்று பார்த்தார். நாற்பது தடவை. நாற்பதிலும் பச்சை எழுத்து. ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வைத்தார். அந்தச் சங்கிலியில் அவரைத் தவிர வேறு ஆளே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்தான். தெரிவது வேறு, கைக்குப் பழகுவது வேறு.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஆகத்தாவுக்கு இருமல், லேசான காய்ச்சல், பயப்படும்படி இல்லை என்றார்கள். பயப்படும்படி இல்லை என்று யாராவது சொன்னால் அப்போதுதான் மைன்ராட்டுக்குப் பயம் வரும். டிசம்பர் மூன்று வரை காத்திருக்க முடியாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலை. மாதா கோவிலில் பத்து அடித்தது. சமையலறை மேசையில், ஆகத்தா அந்தத் தாளை எழுதிய அதே இடத்தில், லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். புதுக் காப்பாளர் கணக்கு தயார். உறை தயார். தனி வழி தயார். ஒரு விசையை அழுத்தினால் முடிந்தது.

விரல் நின்றுவிட்டது.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் எந்தப் பெரிய தொகையையும் நேரடியாக அனுப்பியதில்லை. முதலில் ஒரு ராப்பென், பைசா மாதிரி, வெறும் ஒன்று. அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று உறுதியான பிறகுதான் மிச்சம். அவருக்கு அடியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். பதறாத காரியம் சிதறாது. ஒத்திகை நாற்பதும் விளையாட்டுச் சங்கிலியில். நிஜத்தில் இந்தத் தனி வழி ஒரு தடவைகூட அவர் கையால் ஓடியதில்லை. ஆழம் பார்க்காமல் காலை விடுவதா? முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒன்றுக்கும் ஆகாத ஒரு உத்தரவு. பதிவேட்டின் உதவித் தொலைபேசி எண்ணை, இருந்த எண்ணாகவே மறுபடி எழுதச் சொல்வது. காப்பாளர் மட்டும் செய்யக்கூடிய, யாருக்கும் வலிக்காத வேலை.

அனுப்பினார். பச்சை எழுத்து வந்தது. உறை உடையாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

மைன்ராட்டுக்கு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. குறிப்பேட்டில் 10:07 என்று எழுதி, 'சோதனை சரி' என்று அடிக்கோடிட்டார். எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டார். வந்து உட்கார்ந்து, நிஜ உறையை எடுத்து, நாலு நாலாக ஒரு தடவை படித்துவிட்டு, அனுப்பினார்.

சிவப்பு. 'இந்தக் கணக்கு காப்பாளர் அல்ல.'

மறுபடி அனுப்பினார். சிவப்பு. காப்பாளர் யார் என்று பதிவேட்டையே கேட்டார். அவர் வாழ்நாளில் பார்த்திராத நாற்பது எழுத்துகள் வந்தன.

யெலேனாவுக்குப் போன் போட்டார். அவள் தூக்கக் குரலில் எடுத்து, அவர் சொன்னதைக் கேட்டு, தட்டச்சு செய்து சங்கிலியில் தேடினாள்.

"உறை போற வரைக்கும்தான் மூடியிருக்கும்," என்றாள் கடைசியில். "போய்ச் சேர்ந்துட்டா சங்கிலில எல்லாரும் படிக்கலாம். ஊருக்கே சாவி தெரிஞ்ச கணக்கு ஒரு பதிவேட்டுக்கு அதிகாரம் பண்ணுதுன்னு நீயே காட்டிக் கொடுத்திருக்கே. பன்னிரண்டு நொடில எடுத்துட்டாங்க. நீ காபி ஊத்திட்டிருந்திருப்பே."

"நேரா அதையே அனுப்பியிருந்தா?"

யெலேனா பொய் சொல்லத் தெரியாத பெண்.

"முடிஞ்சிருக்கும் மைன்ராட்."

ஞாயிற்றுக்கிழமை காப்பாளர் பொறுப்பைப் பறித்தவன் சில்வானுக்கு எழுதினான்: பணம் தராவிட்டால் ஒவ்வொருவர் விருப்பத்தையும் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுவேன். அதற்கப்புறம் மூடி மறைக்க என்ன இருக்கிறது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிற கதையாக, சில்வான் அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். திங்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் உத்தரவு பறந்தது: அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரியைக்கூட நம்பாதீர்கள். மைன்ராட்டின் கையில் ஏழு நாள் நோட்டீஸைக் கொடுத்தபோது சில்வான் அழுதான். மைன்ராட்டுக்கு அழக்கூட வரவில்லை. வேலை போனது அவருக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய் மத்தியானம் ஆகத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சளி கட்டி, உதடு நீலம் பாரித்திருந்தது. மைன்ராட் போய்ச் சேர்ந்தபோது, மூச்சுக்கு ஒரு தடவை அவள் தோள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் மருத்துவர் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார்.

"அவங்க ஏற்கெனவே எழுதி வெச்சிருந்ததா இல்லத்துல சொன்னாங்க. ஆனா அந்தப் பதிவேட்டை நாங்க இப்பத் திறக்கவே கூடாது," என்றார். "நீங்க கணவர். அவங்க என்ன விரும்பியிருப்பாங்கன்னு நீங்க சொன்னா போதும், சட்டப்படி அது செல்லும். குழாய் போடணுமா, வேணாமா? நிறைய நேரம் இல்லை மிஸ்டர் ஹெகிலின்."

அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். எந்தப் பதிவேடும் வேண்டாம்; அந்தப் பேனா எங்கே மை கசிந்தது என்பது வரைக்கும் தெரியும். 'வேணாம்' என்று ஒரு சொல். அதைச் சொன்னால் இன்று சாயங்காலத்துக்குள் ஆகத்தா இருக்க மாட்டாள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் கேட்டது. அவர் வாயைத் திறந்தார்.

"ஒரே ஒரு நாள்," என்றார். "சும்மா போட்டுப் பார்ப்போமா?"

மருத்துவர் தலையாட்டிவிட்டு வேகமாக உள்ளே போனார். தான் சொன்னது அப்புறம்தான் மைன்ராட்டின் காதில் விழுந்தது. ஆகத்தா சொன்ன அதே வார்த்தைகள். அவள் குரலில் இருந்த கேலி மட்டும்தான் இல்லை.

போட்ட குழாயை எடுப்பது, போடாமல் விடுவதைவிடக் கஷ்டம். ஒரு நாள் இரண்டானது, இரண்டு ஒன்பதானது. ஒவ்வொரு காலையும் மருத்துவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார், ஒவ்வொரு காலையும் மைன்ராட் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். ஒன்பதாம் நாள் மயக்க மருந்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்று அவள் இரண்டு மணிக்கட்டையும் மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மைன்ராட் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டார். ஆகத்தா கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு வருஷமாக அவரைத் தபால்காரர் என்று நினைத்திருந்தவள், அன்றைக்கு அவர் யாரென்று தெரிந்துதான் பார்த்தாள்.